பயணிகள் அவதி

திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டி ஒரு செல்போன் கடை இருக்கிறது. அதன் மேல்மாடியில் பதினோரு கம்ப்யூட்டர்கள். ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரின் முன்னால் நான்கு வருஷங்களாக உட்கார்ந்திருப்பவள் அம்சா. வயது முப்பத்தாறு. ஆங்கில இலக்கியம் படித்தவள். ஆசிரியர் தகுதித் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஐந்தாறு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டவள். மூன்றாவது முறை எழுதலாம் என்று இருந்தபோதுதான் இந்த வேலை கிடைத்தது.

வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு அவளால் சட்டென்று சொல்ல முடிந்ததில்லை. "பேப்பர் படிக்கிற வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். அது பொய்யும் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, வளரும் நாடுகளின் பத்திரிகைகள் வெள்ளம், புயல், பஞ்சம், கலவரம் போன்ற நெருக்கடிகளை எப்படி எழுதுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அதற்காக ஆறு நாடுகளின் செய்திகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் முப்பத்தெட்டுக் கேள்விகளுக்குப் பதில் குறிக்க வேண்டும். இது நெருக்கடியைப் பற்றிய செய்திதானா? முதலில் பேசுவது யார், அமைச்சரா, அதிகாரியா, நிபுணரா, பாதிக்கப்பட்டவரா? பாதிக்கப்பட்டவருக்குப் பெயர் இருக்கிறதா? காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா? இப்படிப் போகும். அம்சாவுக்குக் கென்யாவும் பிலிப்பைன்சும் வந்தன. கூடவே தமிழ்ப் பத்திரிகைகளும் அவள் தலையில் விழுந்தன.

ஆரம்பத்தில் அவளுக்கு அது பிடித்திருந்தது. கென்யச் செய்தி ஒன்றில், வெள்ளம் வந்தபோது ஒரு பெண் தன் தையல் மெஷினைக் கயிறு கட்டிக் கூரைமேல் ஏற்றிவிட்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட்டை மறந்துவிட்டாள். அவளுடைய பெயர், வயது, மெஷின் வாங்கிய வருஷம் எல்லாம் அதில் இருந்தன. அன்று வீடு போகும்வரை அம்சா அந்த மெஷினையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிலிப்பைன்ஸ் பேப்பர் ஒன்று புயல் அடித்த கிராமங்களை ரேஷன் கார்டு லிஸ்ட் மாதிரி வரிசையாகப் போட்டிருந்தது. எந்தக் கிராமம், எத்தனை குடும்பம், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று. படிக்கச் சலிப்பாக இருந்தாலும் ஒரு ஊரும் விடுபட்டிருக்காது என்று தோன்றியது. அதே நாடுகளிலிருந்து, ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய அமைச்சரைத் தவிர வேறு ஆளே இல்லாத செய்திகளும் வந்தன.

தமிழ்ச் செய்திகளுக்கு வந்தால் அவளுக்கு எரிச்சல் தொடங்கிவிடும். இயல்பு வாழ்க்கை முடங்கியது. தாழ்வான பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. பொதுமக்கள் கடும் அவதி. அமைச்சர் நேரில் ஆய்வு.

"இந்தப் பொதுமக்கள்னு ஒருத்தர் இருக்காரு பாரு அம்பிகா" என்று ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள். "அவருக்கு ஊரும் இல்ல, பேரும் இல்ல, வயசும் இல்ல. வருஷா வருஷம் அவதிப்பட்றதோட சரி."

அம்பிகா சிரித்தாள். அவளும் அதே செய்திகளைத்தான் படித்தாள். ஒவ்வொரு செய்தியையும் இருவர் தனித்தனியே குறிக்க வேண்டும். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் மேற்பார்வையாளர் பார்த்திபன் முடிவு செய்வான்.

இரண்டாயிரத்து இருபத்து நாலு டிசம்பர் முதல் ஞாயிறன்று புயல் மழை கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்தில் அம்சாவின் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். திங்கட்கிழமை விடிந்ததும் போன் அடித்தது. அக்கா ரோஜா. திருவெண்ணெய்நல்லூரைத் தாண்டி, பெண்ணையாற்றங்கரையில் ஒரு காலனியில் இருப்பவள். புருஷன் சவுரிராயனும் அவளும் கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போகிறவர்கள்.

"அம்சா, ஆறு உள்ள வந்துடுச்சுடி. வாசப்படி ஏறிடுச்சு. நாங்க பள்ளிக்கூடத்துக்குப் போறோம்."

அதோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். அன்றும் மறுநாளும் போன் அணைந்தே கிடந்தது. புறப்படலாம் என்றால், அரசூர் பக்கம் நெடுஞ்சாலையையே ஆறு மூடியிருந்தது. ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டதென்று ரயிலும் நின்றுபோனது. அம்சா ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து, பிலிப்பைன்சில் எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு போனது என்று குறித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் போட்டதில் பாதி தப்பாகப் போனது.

புதன்கிழமை வேறொருவர் போனிலிருந்து ரோஜா கூப்பிட்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆடு இரண்டும் போச்சு. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டைக் கடலை மூட்டை போச்சு. ரேஷன் கார்டு, பிள்ளையின் சர்டிபிகேட், எதுவும் மிஞ்சவில்லை.

"தண்ணி எத்தினி மணிக்கு வந்துச்சு? முன்னாடியே யாராச்சும் வந்து சொன்னாங்களா? மொத்தம் எத்தினி வீடு? ஆபீசருங்க யாராவது வந்தாங்களா?" என்று அம்சா கேட்டுக்கொண்டே போனாள்.

ரோஜா இடைமறித்தாள்.

"இன்னாடி, கணக்கெடுக்க வந்தவளாட்டம் கேட்டுக்கினே போற? சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

அம்சாவுக்கு முகம் சுண்டிப்போனது. "சாப்டியாக்கா?" என்று கேட்டாள். ரோஜா இல்லையென்றாள். வண்டிகள் சோறும் தண்ணீரும் கொண்டுவருகின்றன. ஆனால் ஊருக்குள் வந்து நின்றுவிடுகின்றன. காலனிக்கு வரும் வழியில் தரைப்பாலம் முழுகிக் கிடக்கிறது. "இங்க வந்து வாங்கிக்கினு போங்க" என்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் கிழங்கட்டைகளை அழைத்துக்கொண்டு யார் போவது? குடிக்கத் தண்ணீர் மூன்று நாளாக இல்லை. இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் இரவல் போனுக்கு உரியவர் அவசரப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. காலனிப் பெண்கள் அறுபது பேர் தரைப்பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்து, காலிக் குடங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். போலீஸ் வந்தது, அதிகாரி வந்தார், பேசினார். சாயங்காலம் டிராக்டர் ஒன்று குடிநீரும் அரிசியும் ஏற்றிக்கொண்டு காலனிக்குள்ளேயே வந்தது. ரோஜா இதைச் சொன்னபோது அவள் குரலில் ஐந்து நாளில் முதல்முறையாக ஒரு தெம்பு இருந்தது. "பேப்பர்காரரும் வந்தாருடி. எம்பேரு, வயசு எல்லாம் எழுதிக்கினு போனாரு. பாரு, நாளைக்கு வரும்."

மறுநாள் காலையில் அம்சா பேருந்து நிலையத்து எதிர்க்கடையில் மூன்று பேப்பர் வாங்கினாள். இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஏழாம் பக்கம், கடைசிப் பத்தியின் அடியில் இருந்தது.

"சாலை மறியலால் பயணிகள் அவதி. திருவெண்ணெய்நல்லூர், டிச. 7: திருவெண்ணெய்நல்லூர் அருகே குடிநீர் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் கோரி பெண்கள் சிலர் காலிக் குடங்களுடன் நேற்று சாலை மறியலில் ஈடுபட்டனர். தகவல் அறிந்து வந்த அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தியதை அடுத்து கலைந்து சென்றனர். இதனால் அப்பகுதியில் ஒன்றரை மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. பேருந்துகளில் வந்த பயணிகள் கடும் அவதிக்கு ஆளாயினர்."

கடை வாசலிலேயே நின்று மூன்று முறை படித்தாள். வெள்ளம் என்ற சொல் அதில் இல்லை. ஆறும் இல்லை, ஐந்து நாளும் இல்லை. அவதிப்பட்டவர்கள் பஸ்ஸில் வந்தவர்கள். அவதியைக் கொடுத்தவள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பினாள். விழுப்புரத்தில் மாறி, திருவெண்ணெய்நல்லூரில் இறங்கி, கடைசித் தூரத்தைச் சேற்றில் நடந்தாள். காலனி வீடுகளின் சுவரில் தோள் உயரத்துக்கு மண் கோடு ஓடியது. எல்லாக் கதவுகளும் ஊதிப்போய் மூட முடியாமல் கிடந்தன. ரோஜா வீட்டுக்குள் உட்கார்ந்து தட்டு ஒன்றால் சேற்றை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வந்தியா" என்றாள்.

அம்சாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே உட்கார்ந்து வாரினாள். ரொம்ப நேரம் கழித்து ரோஜாவே கேட்டாள்: "பேப்பர்ல வந்துச்சா?"

அம்சா பையிலிருந்து எடுத்துப் படித்துக் காட்டினாள். ரோஜா கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சிலரா? அறுபது பேரு ஒக்காந்தோம்டி! எந்தப் பயணி அவதிப்பட்டாங்களாம்? அந்த ரோட்ல பஸ்ஸு உட்டதே அன்னிக்குத்தான். நின்ன பஸ்ஸுலேர்ந்து ஒரு அம்மா எறங்கி வந்து, எங்கூட ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்துட்டுப் போச்சு. அது யாருன்னு கூடத் தெரியாது. அத எழுதுனாங்களா?"

"இல்லக்கா."

"பேஜாரு புடிச்ச பேப்பரு." ரோஜா மறுபடி சேற்றை வாரினாள். பிறகு திரும்பாமலேயே சொன்னாள்: "நீ மட்டும் இன்னா? ஆறு நாளு கழிச்சி வந்து பேப்பர் படிச்சிக் காட்டற."

அம்சா சேற்றை வாரி வாசலில் கொட்டினாள். ரோடு இல்லை, ரயில் இல்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் சனிக்கிழமையே ரோடு திறந்துவிட்டது. அன்று முடிக்க வேண்டிய செய்திகள் பாக்கி இருந்தன என்று அவள் ஆபீசுக்குப் போயிருந்தாள்.

அந்தச் செய்தி அவளைத் தேடிக்கொண்டு ஆபீசுக்கு வந்தது ஜனவரி மூன்றாம் வாரத்தில். டிசம்பர் மாதத் தமிழ்ச் செய்திகளின் தொகுப்பில் நூற்றுப் பதினெட்டாவது. திரையில் தலைப்பைப் பார்த்ததுமே அது என்னவென்று அம்சாவுக்குத் தெரிந்துவிட்டது. முதல் கேள்வி: இது நெருக்கடி பற்றிய செய்தியா? 'ஆம்' என்று போட்டாள். முப்பத்தெட்டையும் நிரப்பினாள். காரணம்: வெள்ளம். பாதிக்கப்பட்டோர் குரல்: இல்லை. பெயர்: இல்லை.

அம்பிகா 'இல்லை' என்று போட்டிருந்தாள். முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் மீதிக் கேள்விகளே வராது. செய்தி கணக்கிலிருந்தே போய்விடும்.

பார்த்திபன் அவளைவிட ஏழு வயது சின்னவன். மரியாதையான பையன். "அம்சாக்கா, கொஞ்சம் வர்றீங்களா?" என்று தன் மேஜைக்குக் கூப்பிட்டான்.

"இதுல வெள்ளம்னு எங்கக்கா இருக்கு?"

"இல்ல சார். ஆனா வெள்ளத்தாலதான் அவங்க உக்காந்தாங்க. எனக்குத் தெரியும். எங்கக்காவே அதுல இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரிஞ்சது கணக்குல வராதுக்கா. பேப்பர்ல இன்னா இருக்குதோ அதான் வரும். அதானே ஆராய்ச்சியே."

"பேப்பர்ல இல்லைன்றதுதானே சார் விஷயமே? அத எங்க போட்றது?"

பார்த்திபன் விதிகள் அடங்கிய புத்தகத்தைத் திரையில் புரட்டினான். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. "பாருங்க, இல்லக்கா" என்றான், உண்மையாகவே வருத்தப்படுகிறவன் போல. போக்குவரத்துச் செய்தி என்று முத்திரை விழுந்து, செய்தி வெளியே போனது.

தன் இடத்துக்கு வந்தவளிடம் அம்பிகா மெதுவாகச் சொன்னாள்: "கோச்சுக்காதக்கா. இதே நியூஸ் கென்யாவுலேர்ந்து வந்திருந்தா நீயும் இல்லன்னுதான் போட்டிருப்ப."

சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கீழே போனதும், அம்சா தான் இதுவரை 'இல்லை' என்று தள்ளியவற்றைத் திறந்து பார்த்தாள். கிராமத்தினர் நெடுஞ்சாலையை மறித்தனர், வாகனங்கள் தேக்கம். பெண்கள் பாலத்தில் போராட்டம், சரக்கு லாரிகள் தாமதம். வானிலையைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ எதையும் சொல்லாத செய்திகள். எண்ணிப் பார்த்தாள். இரண்டு நாடுகளிலுமாக முப்பத்தொன்று. எல்லாவற்றையும் தள்ளியது அவள் கைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம்கூட எடுத்திருக்க மாட்டாள். அவர்கள் எதற்காக ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்று இனி யாரைக் கேட்பது? கொண்டுவந்த சாப்பாட்டை அன்று அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அந்தச் செய்தியை எழுதியவரைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. பெயர் மாயவன். விழுப்புரத்தில் பகுதிநேர நிருபர். மீதி நேரத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சண்டை போடுவதற்கென்றே அம்சா போனாள். புதிய பேருந்து நிலையத்து டீக்கடையில் அவர் அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் போனை எடுத்து, டிசம்பர் ஆறாம் தேதி ஆபீசுக்கு அனுப்பியதைத் தேடி எடுத்து நீட்டினார்.

இருபத்திரண்டு வரி. பெண்ணையாற்று வெள்ளம் முதல் வரியிலேயே இருந்தது. தரைப்பாலம் இருந்தது. அறுபது பெண்கள் என்று இருந்தது. 'ரோஜா (44) என்பவர் கூறியதாவது' என்று ஆரம்பித்து அக்கா பேசியது நாலு வரி அப்படியே இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மாவும் இருந்தாள்.

"இதுல இன்னாம்மா கொறையிது சொல்லுங்க?" என்றார் மாயவன். "அன்னிக்குப் பக்கம் ஃபுல்லு. அமைச்சர் ஆய்வு நாலு பத்தி. ஜல்தியா அனுப்பு, சின்னதா அனுப்புன்றான். நம்ம அனுப்புறோம், அங்க ஒருத்தன் வெட்றான். அவன் ஆத்தப் பாத்திருக்கானா, ரோட்டப் பாத்திருக்கானா? ஒரு நாளைக்கு நூறு மேட்டர் வெட்டணும் அவனுக்கு."

"அவருகிட்ட நீங்க கேக்கலியா?"

"கேட்டா அடுத்த மேட்டர போட மாட்டான்." டீயைக் குடித்து முடித்தார். "எங்க வூட்லயும் தண்ணிம்மா அன்னிக்கு. பைக்கு முழுகிப்போயி, பாதி தூரம் லாரியில, மீதி நடந்துதான் அந்தக் காலனிப் பக்கம் வந்தேன். என் தெருவப் பத்தி நானே ஒரு வரி எழுதல."

சண்டை போட வந்த அம்சாவுக்கு யாரிடம் சண்டை போடுவது என்று தெரியவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது அதுதான் அவளை அதிகம் வதைத்தது. பார்த்திபன் சொன்னதில் தப்பில்லை. மாயவன் செய்ததிலும் தப்பில்லை. வெட்டியவனைப் போய்க் கேட்டால் அவனும் ஒரு நியாயம் சொல்வான். அத்தனை பேரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்து, ஒரு வெள்ளத்தைப் பஸ் லேட்டான சமாச்சாரமாக ஆக்கிவிட்டார்கள். அந்த வரிசையில் முப்பத்தொரு முறை அவளும் நின்றிருக்கிறாள்.

பல்கலைக்கழகத்துக்கு நேராக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நான்கு நாள் எழுதித் திருத்தினாள். பாதிக்கப்பட்டவர்கள் நியாயம் கேட்டு ரோட்டுக்கு வரும்போது பத்திரிகைகள் அவர்களை இடைஞ்சலாக எழுதுகின்றன, நம் விதிப்படி அந்தச் செய்திகள் எல்லாம் ஆராய்ச்சிக்கு வெளியே போகின்றன, ஆகவே நாம் எதைத் தேடுகிறோமோ அதையே தூக்கிப் போடுகிறோம் என்று விளக்கினாள். முப்பத்தொரு செய்திகளின் எண்களையும் இணைத்தாள். பதினோராம் நாள் பதில் வந்தது. மிகவும் மதிப்புமிக்க கருத்து. இந்தக் கட்டத்தில் விதிகளை மாற்ற இயலாது. அறிக்கையில் கட்டாயம் குறிப்பிடுகிறோம். நன்றி.

அறிக்கை ஆகஸ்டில் வந்தது. நூற்று நாற்பது பக்கம். அம்சா அதை வேலை நேரத்திலேயே ஒளிக்காமல் திறந்து வைத்துப் படித்தாள். தொண்ணூற்று நாலாம் பக்கத்தில், அடிக்குறிப்பில், சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. சூழல் சார்ந்த சில தெளிவின்மைகளை உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டிக்காட்டினர் என்பது அதன் பொருள். அவ்வளவுதான். அவளுடைய இரண்டு பக்கக் கடிதத்தையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்.

அம்பிகாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "தெளிவின்மையாம்" என்றாள். அம்பிகா அவள் தோளில் கைவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபரில் மழை மறுபடி பிடித்தபோது ரோஜா போன் செய்தாள். தரைப்பாலத்தை உயர்த்தச் சொல்லி நான்கு மனு கொடுத்தாகிவிட்டது, பேப்பரில் வந்தால் நடக்கும் என்று காலனியில் பேசிக்கொள்கிறார்கள், நீதான் பேப்பர் படிக்கிற வேலை பார்க்கிறாயே, நீ எழுதிக் கொடு என்றாள்.

அம்சா எழுதினாள். பத்திரிகையில் எப்போதும் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள் என்று இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டிருந்தாள். அதனால் அக்காவின் பெயரையும் வயதையும் போன வருஷத்து வெள்ளத்தையும் முதல் வாக்கியத்திலேயே வைத்தாள். இரண்டாவதில் தரைப்பாலம். மனுவுக்கு அப்புறம் அதிகாரிகள் ஒருமுறை பாலத்தை வந்து பார்வையிட்டதை, போனால் போகட்டுமென்று கடைசியில் வைத்தாள். மொத்தமே ஒன்பது வரி. மாயவன் ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினார்.

மூன்றாம் நாள் வந்தது. தலைப்பு: 'தரைப்பாலத்தை உயர்த்த பொதுமக்கள் கோரிக்கை'. மூன்று வரி செய்தி. அதிகாரிகள் பார்வையிட்டது முதலில் இருந்தது. கடைசியில், 'இதுகுறித்து அப்பகுதியைச் சேர்ந்த ராஜா என்பவர் கூறுகையில், மழைக்காலங்களில் சிரமமாக உள்ளது என்றார்.'

அம்சா மாயவனைக் கூப்பிட்டாள். "ஒரு எழுத்துல ஆம்பளையாக்கிட்டாங்களே சார். திருத்தம் போடச் சொல்லுங்க."

"இதுக்கெல்லாம் போட மாட்டாங்கம்மா. கேட்டுப் பாக்கறேன்" என்றார். கேட்டாரா என்று தெரியாது. திருத்தம் வரவில்லை.

ரோஜாவிடம் போனில் படித்துக் காட்டினாள். எதிர்முனையில் வெடித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "யோவ், இங்க பாருய்யா, நான் ராஜாவாம்!" என்று ரோஜா சவுரிராயனைக் கூப்பிட்டுச் சொல்வதும், அவர் ஏதோ கேலி பேசுவதும் கேட்டது. "சரி, பாலத்தப் பத்திப் போட்டாங்கல்ல? அது போதும் வுடு."

"எது போதும்? சிரமமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான்க்கா போட்டிருக்காங்க."

"நீ ஏன்டி இப்டி கொதிக்கிற? மழ வந்துக்கினு இருக்குது. நான் போயி அரிசியத் தூக்கி மேல வைக்கணும். அப்பறம் பேசறேன்."

போனை வைத்தபிறகும் அம்சா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் நின்றிருந்தாள். மேலே போனால், பேப்பர் வேலை முடிந்தபின் வந்த புதிய வேலை ஒன்று காத்திருந்தது. இலைகளின் படங்களைப் பார்த்து, எதில் நோய் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். அதில் யாரும் எதையும் பேசுவதில்லை.

அந்த வாரமே அவள் இன்னொரு செய்தி எழுதினாள். இந்த முறை ஐந்தே வரி. 'ரோஜா (45), பெண், விவசாயக் கூலி' என்று ஆரம்பித்தாள். மாயவன் அதையும் அனுப்பினார். இதுவரை வரவில்லை. தரைப்பாலமும் இருந்தபடியேதான் இருக்கிறது. அடுத்ததை அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.